ஏர் ஃபில்டரில் வைத்த பொட்டு

பிரேக் கருகும் வாசத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறப்பதில்லை. முடி பொசுங்குவது போல ஆரம்பித்து, இரும்பு காய்வது போல முடிந்து, நாக்கின் அடியில் ஒரு கசப்பாய்த் தங்கிவிடும். நேற்று நாகல் நகர் மேம்பாலத்தில் எனக்கு முன்னால் இறங்கிய சரக்கு வேனிலிருந்து அந்த வாசம் வந்தது. கண்ணாடியை ஏற்றினேன். ஏற்றிய பிறகும் வந்தது. வேனில் வெங்காய மூட்டைகள். ஓட்டுநர் ஒரு கையை வெளியே தொங்கவிட்டபடி யாருடனோ போனில் சிரித்துக்கொண்டே போனார். எனக்கு வெங்காயம் தெரியவில்லை. வாழைத்தார்களும் மலைச்சரிவும் ஒரு பெண்ணின் மூடிய கண்களும் தெரிந்தன. வலது உள்ளங்கால் தானாக அழுந்தியது.

நான் சிறுமலையில் பள்ளி ஆசிரியை. மேலே போகப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கீழே வரவும் அதே பதினெட்டுதான், ஆனால் இறங்கும்போது அவை வேறு வளைவுகள். ஏறும்போது மலை நம் முன்னால் நிற்கிறது. இறங்கும்போது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. பஸ் நேரமும் பள்ளி மணியும் ஒத்துவராததால் நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, யாரோ ஓட்டிச் சலித்த சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். என் பக்கத்து இருக்கையில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வருவாள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கியிருந்தது. நான் சொல்லும் இந்த நாட்களில் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

காரைப் பைபாஸில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில்தான் முதலில் விட்டுக்கொண்டிருந்தேன். குளிர்பதன அறை, காபி மெஷின், கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்கள் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும், ஆனால் நம் கார் எது என்று தெரியாது. முன் பிரேக் பேட் மாற்றியதாக அவர்கள் பில் கொடுத்து மூன்றாவது வாரம், சாயங்காலம் பள்ளி விட்டு இறங்கும்போது, பன்னிரண்டாவது வளைவிலோ பதினொன்றாவதிலோ சக்கரம் கிறீச்சென்று கத்தியது. கரும்பலகையில் நகம் பட்டால் பல் கூசுமே, அந்தக் கூச்சல். பிறகு அந்த வாசம். பெடல் ஆழமாகப் போனது, இன்னும் ஆழமாகப் போனது. கைபிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியின் மூக்கை மெல்ல முட்டவிட்டு நிறுத்தினேன். பக்கத்தில் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் இன்றைக்கு இதை மறந்திருப்பேன்.

வாழைத்தார் ஏற்றி வந்த ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி, குனிந்து, செல்போன் விளக்கைச் சக்கரத்துக்குள் அடித்துப் பார்த்தார். பேட் புதிதாய்ப் போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"புதுசுன்னு யாரு சொன்னா டீச்சர்? தேஞ்சு தகடுதான் மிஞ்சியிருக்கு."

நாங்கள் அன்று அவருடைய ஜீப்பில், பச்சைத் தார்களுக்கு நடுவே உட்கார்ந்து இறங்கினோம். மறுநாள் சர்வீஸ் நிலையத்தில் கேட்டபோது, டை கட்டிய இளைஞர் திரையைத் திருப்பிக் காட்டி, மாற்றியதாகத்தான் பதிவாகியிருக்கிறது மேடம் என்றார். உண்மைதான். கம்ப்யூட்டரில் மாற்றியாகிவிட்டது. காரில்தான் மாற்றவில்லை.

அதற்கப்புறம் வந்து சேர்ந்தவர்தான் பாய்.

பேகம்பூர்ப் பக்கம் ஒரு சந்தில் தகரக் கொட்டகை. ஒரே நேரத்தில் ஒன்றரைக் கார் நிற்கும், முன்பாதி தெருவில். கொட்டகைக்குப் பக்கத்தில் பூக்கார அம்மா ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து பூக்கட்டுவார். மல்லிகையும் கிரீஸும் கலந்த காற்று அங்கே மட்டும்தான் அடிக்கும். பாய்க்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தனியாள். கூட இருந்த ஆள் பைபாஸில் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அங்கே பி.எஃப். உண்டு டீச்சர், பிழைக்கட்டும் என்றார். ஜீப்காரர்தான் என்னை அவரிடம் அனுப்பியிருந்தார்; மலையிலிருந்து காரைக் கட்டி இழுத்து வந்து என் வீட்டில் விட்டவரும் அவர்தான். முன் பேட் இரண்டு பக்கமும் புதிது, பின் பிரேக் டிரம் கழற்றிச் சுத்தம், ஆயில், ஏர் ஃபில்டர் என்று ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் சூடு கண்ட பூனை அல்லவா. வண்டியை விடுவதற்கு முதல்நாளே ஒரு காரியம் செய்திருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க எனக்குத் தெரியாது. ஏர் ஃபில்டரைத் திறக்கத் தெரியும். நாலு கிளிப், ஒரு மூடி, செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதில் ஒரு அடையாளம் வைத்துவிட்டால் போதும். ஃபில்டரை மாற்றினாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஃபில்டரில் ஏமாற்றுகிறவர் பிரேக்கிலும் ஏமாற்றுவார், ஃபில்டரை மாற்றியவர் பிரேக்கையும் மாற்றியிருப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இதை நினைத்தபோது எனக்கே என் மேல் மதிப்புக் கூடியது.

பேனாவால் கோடு போட்டால் கண்டுபிடித்துவிடுவார். நகப்பூச்சு வைத்தால் இன்னும் மோசம், வேவு பார்க்கிறாள் என்று பளிச்சென்று சொல்லிவிடும். யோசித்து யோசித்து, சாமி அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்து ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் வலது மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். நம் ஊரில் பொட்டில்லாத இரும்பு எங்கே இருக்கிறது? தறிக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம், பம்ப்செட்டுக்கு வைக்கிறோம். இந்தப் பொட்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பழைய ஃபில்டரோடு அதுவும் குப்பைக்குப் போகும். போகவில்லை என்றால், நான் பிடித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்து வந்தேன். பாய் சாவியைக் கொடுத்தபோது இடது கையால் கொடுத்தார். அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. நாலு கிளிப்பையும் தட்டி மூடியைத் தூக்கினேன்.

வலது மூலையில், வைத்த இடத்தில், பொட்டு இருந்தது.

வேறெதையும் பார்க்கவில்லை. ஃபில்டரை வெளியே எடுக்கக்கூட இல்லை. மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். கோபத்தை விட அலுப்பாக இருந்தது. இவருமா என்று ஒரே சொல் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் தன் வீட்டு முனையில் சாப்பாட்டுப் பையோடு நிற்பாள். என்னை நம்பிக் கதவைத் திறந்து ஏறி உட்காருவாள். அவளை எந்தப் பிரேக்கை நம்பி நான் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவது?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன். பாய் ஒரு ஸ்கூட்டரின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். வகுப்பில் குரல் உயர்த்தாமலே பயமுறுத்தும் வித்தை எனக்கு வரும். அந்தக் குரலில்தான் சொன்னேன்.

"பாய், ஃபில்டரை நீங்க மாத்தவே இல்ல. பழசு அப்படியே இருக்கு."

ஸ்கூட்டர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூக்கார அம்மாவின் கை நாரில் நின்றது. பாய் எழுந்தார். என் பானெட்டைத் திறந்தார். கிளிப்பைத் தட்டி, ஃபில்டரை முழுதாக வெளியே எடுத்து, என் முன்னால் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாய், அப்போதுதான் உறை பிரித்த புத்தகம் போல இருந்தது. புதியது. மூளை அதை ஒப்புக்கொள்ளச் செத்த நேரம் பிடித்தது. அப்படியென்றால் பொட்டு?

அவர் கொட்டகைக்குள் போய், மேல்தட்டை எட்டப் பார்த்து, எட்டாமல், ஒரு டப்பாவின் மேல் ஏறி இடது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. பிரித்தால் என் பழைய ஃபில்டர். அடிப்பக்கம் மலைப்பாதையின் செம்மண் அப்பி, மடிப்புக்குள் ஒரு செத்த வண்டு. வலது மூலையில் என் விரல் ரேகையோடு நான் வைத்த பொட்டு.

"கழட்டுறப்ப பாத்தேன் டீச்சர். ஏதோ வேண்டிக்கிட்டு வச்சிருக்காங்க போலன்னு நெனச்சேன். குப்பையில போட மனசு வரல. புதுசுக்கும் வைக்கணும்ல? நான் வைக்கலாமா கூடாதான்னு தெரியல, அதான் இந்த அம்மாவ வைக்கச் சொன்னேன்."

பூக்கார அம்மா அங்கிருந்தே சொன்னார்: "அம்புட்டுப் பூவையும் போட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து வச்சேன்த்தா. அந்த மூலையிலதான் வைக்கணும்னு பக்கத்துல நின்னு இடம் காட்டுறாரு மனுசன்."

தப்பிப்பதற்கு வழி திறந்தே கிடந்தது. ஆமாம் பாய், வேண்டுதல்தான், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என் பக்திக்காக அவர் ஃபில்டரைப் பொட்டலம் கட்டி வைத்த கதை பேகம்பூரில் நல்ல கதையாக உலவியிருக்கும். அந்தச் செத்த வண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல கதைதான். ஆனால் என்னால் அதைச் சுமக்க முடியாது என்று தோன்றியது. ஸ்கூட்டர்காரர் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"வேண்டுதல் இல்ல பாய். நீங்க மாத்துறீங்களான்னு பாக்கத்தான் வச்சேன்."

அவர் கையிலிருந்த கந்தலை ஒரு முறை மடித்தார், இன்னொரு முறை மடித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. நான் பைபாஸ் கதையைச் சொன்னேன். வளைவைச் சொன்னேன். பக்கத்து இருக்கையையும் ஐந்து மாதத்தையும் கண்ணை மூடியிருந்த அந்த முகத்தையும் சொன்னேன். கேட்டு முடித்தபோது அவர் என் காரின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி நான் கழட்டல டீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"டிரம்மு. சுத்தம் பண்றதா எழுதிக் குடுத்தேன்ல. முன் பேடு ரெண்டும் புதுசு, அது சத்தியம். பின்னாடி கழட்டவே இல்ல. துருப்பிடிச்சு இறுகிக் கெடந்துச்சு. சுத்தியால சுத்தித் தட்டணும். இந்தத் தோளு ஏற மாட்டேங்குது."

வலது கையைத் தூக்கிக் காட்டினார். மார்பு உயரத்துக்கு வந்து அங்கேயே நின்று நடுங்கியது. இரண்டு மாதமாய் இப்படித்தானாம். தெரிந்தால் வண்டி விடுகிறவர்கள் விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். பின் பிரேக்குக்கு வேலை குறைவுதான், அடுத்த சர்வீஸுக்குள் தோள் சரியாகிவிடும், அப்போது சேர்த்துச் செய்துவிடலாம் என்று நினைத்தாராம். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். ஒவ்வொன்றும் அந்தத் தோளைப் போலவே பாதி உயரத்தில் நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பொட்டு இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்காது. ஃபில்டர் மாறியிருக்கிறது என்று நான் சரியாகப் பார்த்திருந்தால், முழு வண்டியையும் நம்பித் திங்கட்கிழமை மலையேறியிருப்பேன். ஒரு சோற்றை நசுக்கிப் பானையைச் சொல்வது பானைக்குச் சரி. அதற்கு அடியில் ஒரே நெருப்பு. வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தனி நெருப்பு, அதைச் செய்கிற கைக்கு ஒரு தனி வலி.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிடித்து நிற்க இடமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காத ஒன்றை, அவமானப்பட்டு நிற்கும்போது ஒருவர் தானாக எடுத்துக் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்குக் கை வேண்டியிருந்தது.

இப்போது கழற்றலாமா பாய் என்று கேட்டேன். நான் கூட இருக்கிறேன் என்றேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பாய் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி, கையால் முடியாது டீச்சர், ஏறி நில்லுங்க என்றார். ஏறி நின்றேன். ஐம்பதை நெருங்கும் உடம்பின் முழுப் பாரத்துக்கும் ஒரு பயன் இருப்பது தெரிந்தது. நட்டு முனகிக்கொண்டு இளகியது. தெருவில் போன என் பழைய மாணவனின் அம்மா ஒருத்தி நின்று பார்த்து, ஒன்றும் கேட்காமல் நடந்தாள். டிரம்மைத் தட்டும் வேலையை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். அவர் இடது கையால் கட்டையைப் பிடித்து இடம் காட்ட, நான் சுத்தியலால் அடித்தேன். முதல் இரண்டு அடி கட்டையில் விழவில்லை.

"தேங்காயா ஒடைக்கிற? ஓங்கி அடி ஆத்தா" என்றார் பூக்கார அம்மா.

இடது பக்கம் கறுப்புத் தூசி மட்டும்தான். வலது பக்கத்து டிரம் வெளியே வந்தபோது பாய் குனிந்தார். விரலால் உள்ளே தொட்டு, முகர்ந்து, விரலை என் பக்கம் நீட்டினார். ஈரம். பிரேக் ஆயில் உள்ளே கசிந்து, பிடிக்க வேண்டிய இடமெல்லாம் வழவழத்துக் கிடந்தது. அவர் ஓடி வரும் வண்டிக்கு முன்னால் நடுச்சாலையில் அகப்பட்டவர் போல நின்றார். உதடு ஏதோ முணுமுணுத்தது. அல்லாவின் பெயர் மட்டும் கேட்டது. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த விரல் சொல்லியிருந்தது.

பிறகு மத்தியானம் வரை வேலை. கசிந்த சிலிண்டருக்குப் பதில் புதியதையும் பின் பிரேக் சாமான்களையும் பாயே சைக்கிளில் போய் வாங்கி வந்து மாட்டினார். மாட்டி முடித்ததும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் திருகைத் தளர்த்திக் காற்றை விடுவார். தனியாள் ஆயிற்றே, இதுவரை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பாய் பூக்கார அம்மாவைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல பாதி வண்டி நான் மிதிச்ச பிரேக்குல தான்த்தா ஓடுது" என்றார் அவர், நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அன்று நான் உட்கார்ந்தேன். மிதிங்க என்றால் மிதித்தேன். பிடிங்க என்றால் பிடித்தேன். விடுங்க என்றால் விட்டேன். கண்ணாடிக்கு வெளியே அவர் தெரியவில்லை. சக்கரத்துக்கு அருகிலிருந்து குரல் மட்டும் வந்தது. முதலில் பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. மிதிக்க மிதிக்க, காற்று போகப் போக, பாதத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்லத் திடப்பட்டது. மிதி, பிடி, விடு. இத்தனை வருஷம் இந்தக் காரை ஓட்டியும் அதன் உள்ளிருந்து ஒருவர் என்னோடு பேசுவது அன்றுதான் நடந்தது. கடைசியில் பெடல் தரையைப் போல நின்றது.

நான்கு சக்கரத்தையும் பூட்டிய பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். பூக்கார அம்மாவும் ஏறிக்கொண்டார், காற்று வாங்க என்று சொல்லிக்கொண்டு. தெருமுனையில் பாய் நிறுத்தச் சொன்னபோதெல்லாம் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. இறங்கியதும் பாய் அந்த நோட்டுத்தாளைக் கேட்டு வாங்கி, பின் டிரம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அன்றைய தேதியைப் போட்டு மறுபடி எழுதினார். இடது கையால் எழுதியதால் எழுத்து எங்கள் பள்ளி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தைப் போலச் சாய்ந்திருந்தது.

தோளுக்கு ஜி.ஹெச்.சில் பிசியோதெரபி இருக்கிறது, திங்கட்கிழமையே போங்கள் என்றேன். போகிறேன் என்றார். இனிமேல் வண்டி விடும் நாளில் லீவு போட்டுவிட்டு வருகிறேன், பக்கத்தில் இருந்து பார்ப்பேன், தப்பாக நினைக்கக் கூடாது என்றேன்.

"பாக்கத்தான் டீச்சர் செய்யணும். மலைக்குப் போற வண்டி. நீங்க பாக்குறீங்கன்னாத்தான் என் கையும் ஒழுங்கா இருக்கும்."

சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வாரேன் பாய் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எறங்குறப்ப ரெண்டாவது கியர்லயே வாங்க. பிரேக்க மட்டும் நம்பிராதீங்க டீச்சர். நான் போட்டதுதான், இருந்தாலும்."